அடைப்பில்லாத் துறவு: பாரிஸ் நகரில் பிறரன்புப் புதல்வியர் (1617–1670)

திரெந்து நகரப் பொதுச்சங்கம் 1563-இல் தன் இறுதி அமர்வில் கன்னியர் மடங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டை விதித்தது; மூன்றாண்டுகள் கழித்துத் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதை மேலும் இறுக்கினார். அடைப்பு எனப்படும் அக்கட்டுப்பாட்டின்படி, வார்த்தைப்பாடு கொடுத்த பெண் மடத்தின் மதிலைத் தாண்டலாகாது. வெளியார் உள்ளே நுழையலாகாது. பெற்றோரே காண வந்தாலும் கம்பியழியின் மறுபுறம் நின்றுதான் பேச வேண்டும். இதனோடு சீர்வரிசை என்னும் தடையும் சேர்ந்துகொண்டது. மடத்தில் சேரும் பெண் தன் வாழ்நாள் செலவுக்கு ஈடான தொகையைக் கொண்டுவர வேண்டும் என்று பெரும்பாலான மடங்கள் எதிர்பார்த்தமையால், உழவர் வீட்டுப் பெண்களுக்குத் துறவறம் ஏறக்குறைய எட்டாக்கனியாகவே இருந்தது. வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் மதிலுக்குள் செபிக்கலாம் என்றும், நோயாளியின் குடிசைக்குச் செல்ல விரும்புபவள் துறவியாக முடியாது என்றும் சட்டம் சொல்லாமல் சொன்னது.

இதை மீற முயன்றவர்கள் பட்ட பாடு அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிரான்சிஸ் சலேசியாரும் ஜான் தெ ஷாந்தாலும் 1610-இல் அன்சி நகரில் தொடங்கிய மினவுதல் சபை, கன்னி மரியாள் எலிசபெத்தம்மாளைக் காணச் சென்ற நிகழ்ச்சியின் பெயரைத் தாங்கி, அதைப் போலவே வீடுதோறும் சென்று நோயாளிகளைக் காண்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. லியோன் நகரில் இரண்டாவது இல்லம் அமைக்க முற்பட்டபோது, அந்நகரப் பேராயர் அடைப்பு வேண்டும் என்று வற்புறுத்த, சலேசியார் இணங்கினார். 1618-க்குப் பின் அச்சபையினர் முற்றிலும் மதிலுக்குள் வாழும் கன்னியர் ஆயினர். சலேசியாரின் நண்பரும், பாரிஸ் நகர மினவுதல் மடத்துக்கு நீண்டகாலம் ஆன்ம வழிகாட்டியாக இருந்தவருமான வின்சென்ட் தே பவுல் இதையெல்லாம் அருகிலிருந்து கண்டவர். பிறரன்புப் புதல்வியர் என்னும் சபையை அவரும் லூயிஸ் தெ மரிலாக் என்னும் கைம்பெண்ணும் அமைத்த விதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், பக்தியின் விளைவாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஒன்றில் எவ்வளவு சட்ட நுணுக்கமும் நிருவாக முன்யோசனையும் கலந்திருந்தன என்பது புலப்படும்.

வின்சென்ட் 1581-இல் தென்மேற்கு பிரான்சின் பூய் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1617-ஆம் ஆண்டு கோடையில் லியோனுக்கு அருகிலுள்ள ஷத்தியோன் என்னும் ஊரில் அவர் பங்குக்குருவாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குச் சற்று முன், ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தார் அனைவரும் நோயில் விழுந்து கவனிப்பாரற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தது. அதை மறையுரையில் அவர் எடுத்துச் சொல்ல, பிற்பகலில் ஊரே உணவு சுமந்து அவ்வீட்டுக்குக் கிளம்பியது. ஆனால் அன்று குவிந்த ரொட்டியும் இறைச்சியும் மறுநாளைக்குள் கெட்டுவிடும், அதன்பின் அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும் என்பதை அவர் உடனே கண்டார். பரிவுக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்ற அந்தக் கணிப்பிலிருந்து, பெண்கள் நாள்முறை வைத்துக்கொண்டு நோயாளிகளைக் கவனிக்கும் ஓர் அமைப்பு உருவாகி, அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று முறைப்படி நிறுவப்பட்டது. பங்கு மக்கள் ஒரு பக்திநோக்கத்துக்காக விதிகளோடு கூடும் இத்தகைய அமைப்பைத் தமிழகக் கடற்கரைப் பங்குகளில் கொம்பிரியார் சபை என்று வழங்குவதுண்டு.

ஷத்தியோனில் எழுதப்பட்ட விதிமுறை இக்காலச் சமூகப்பணி நூல்கள் பலவற்றைவிடக் கூர்மையானது. நாள்முறைக்கு உரியவள் பொருளாளரிடம் அன்றைக்கு வேண்டியதைப் பெற்று உணவைச் சமைக்க வேண்டும். நோயாளிக்குப் போதிய ரொட்டி, ஐந்து அவுன்சு கன்றிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, சூப்பு, சிறிதளவு திராட்சை மது ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். இறைச்சி விலக்கிய நாள்களில் அதற்குப் பதிலாக முட்டையும் வெண்ணெயும் தர வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் நோயாளியை மலர்ந்த முகத்தோடு வாழ்த்தி, படுக்கையின்மேல் சிறுபலகையை வைத்து, அதன்மீது துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் எடுத்துவைத்து, அவர் கைகளைக் கழுவிவிட்டு, இறைச்சியை வெட்டிக் கொடுத்து, உண்ண மனமில்லாதவரைத் தாய் தன் மகனிடம் பேசுவது போலப் பேசி உண்ணச் செய்ய வேண்டும். துணைக்கு ஆள் உள்ள நோயாளிகளிடம் முதலில் சென்று, தனியாகக் கிடப்பவர்களிடம் கடைசியாகச் செல்ல வேண்டும் என்றும், அப்போதுதான் அவர்களோடு கூடுதல் நேரம் இருக்க முடியும் என்றும் விதி கூறுகிறது. நோயாளியின் வீட்டில் நாள்கணக்கில் நின்று பழகியவர் மட்டுமே எழுதக்கூடிய விதி இது.

சிற்றூர்களில் இம்முறை தழைத்தது, பாரிசில் தடுமாறியது. ஊர்ப்புறத்தில் உறுப்பினரான பெண்கள் தம் கையால் சமைத்துத் தாமே சுமந்து சென்றார்கள். தலைநகரிலோ உறுப்பினர் நீதிபதிகளின் மனைவியரும் பிரபுக்குலச் சீமாட்டிகளுமாக இருந்தமையால், தொற்றுக்கு அஞ்சிய கணவன்மார் தடுக்க, அவர்கள் தமக்குப் பதிலாக வேலைக்காரிகளை அனுப்பினார்கள். கூலிக்குச் செல்பவளிடம் ஷத்தியோன் விதிமுறையின் பொறுமையை எதிர்பார்ப்பதற்கில்லை. இந்நிலையில்தான் 1630 அளவில், பாரிசுக்கு மேற்கே சுரேன் என்னும் ஊரைச் சேர்ந்த மார்கரித் நசோ என்னும் பெண் வின்சென்ட்டிடம் வந்து, நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய விரும்புவதாகச் சொன்னார். மாடு மேய்த்தவர், அரிச்சுவடி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பங்குக்குருவிடமும் வழிப்போக்கரிடமும் எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தறிந்தவர், அறிந்ததை ஊர் ஊராகச் சென்று பிற பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தம் படுக்கையில் கிடத்தியதால் அந்நோய் தொற்றி, 1633-இன் தொடக்கத்தில் அவர் இறந்தார். சபை அப்போது பிறந்திருக்கவில்லை. எனினும் அவரையே முதல் சகோதரி என்று வின்சென்ட் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

மார்கரித்தைப் பின்பற்றி வந்த ஊர்ப்புறப் பெண்களை ஒன்றுசேர்த்தவர் லூயிஸ் தெ மரிலாக். மரிலாக் குடும்பம் அரசவையில் செல்வாக்கு மிக்கது. ஆயினும் 1591-இல் பிறந்த லூயிஸ் திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவர், தாய் யாரென்றே பதிவில்லாதவர். புவாசி நகர அரச மடத்தில் வளர்ந்து, அடைப்பு மிகக் கடுமையான கப்புச்சின் கன்னியர் மடத்தில் சேர விரும்பி, உடல்நலக் குறைவால் மறுக்கப்பட்டு, 1613-இல் அரசமாதா மரி தெ மெதிசியின் செயலர்களுள் ஒருவரான அந்துவான் லெ கிராவை மணந்து, 1625-இன் இறுதியில் ஒரு மகனோடு கைம்பெண்ணானார். 1629 முதல் வின்சென்ட் அவரைப் பல ஊர்களுக்கு அனுப்பி, ஷத்தியோன் மாதிரியில் அங்கே அமைந்திருந்த பிறரன்புச் சபைகளின் கணக்கையும் நடைமுறையையும் ஆய்வு செய்யச் சொன்னார். குதிரைவண்டியிலும் படகிலும் அவர் மேற்கொண்ட இப்பயணங்களே, எந்த ஊரில் எந்த விதி நிற்கும், எங்கே பணம் கசியும் என்பதை அவருக்குக் கற்பித்தன. 1630-இல் முதன்மை அமைச்சர் ரிஷலியூவோடு மோதிய மரிலாக் குடும்பம் வீழ்ந்து, லூயிசின் சிற்றப்பன்மாருள் ஒருவர் சிறைப்பட, மற்றொருவர் 1632-இல் தலை வெட்டுண்டு இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று லூயிஸ் நான்கைந்து உழவர் வீட்டுப் பெண்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்துப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். சபை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்நாளையே.

அவர்களிடம் சீர்வரிசை கேட்கப்படவில்லை. முதல் உடைக்கும், ஒத்துவராவிட்டால் ஊர் திரும்புவதற்கும் வேண்டிய பணம் இருந்தால் போதும். பாரிசைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் வழக்கமாக உடுத்திய சாம்பல் நிறக் கம்பளிப் பாவாடையும் வெள்ளைத் தலைத்துணியுமே உடை. மடத்துக் கன்னியரின் முக்காடு கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து செபித்து, சூப்புப் பானையையும் மருந்துக் கூடையையும் சுமந்துகொண்டு பாரிசின் நான்கைந்து மாடி வீடுகளின் இருண்ட படிக்கட்டுகளில் ஏறுவார்கள். பல நேரங்களில் நோயாளி இருப்பது கூரைக்கு அடியிலுள்ள கடைசி அறையிலேயே. மருந்து காய்ச்சவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும், அக்கால மருத்துவத்தின் முதன்மைச் சிகிச்சையாகக் கருதப்பட்ட இரத்தம் வடித்தலைச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். மருத்துவரின் சொல்லை மீறலாகாது என்பது கண்டிப்பான விதி. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களுக்கு அதுவும் கற்பிக்கப்பட்டது. ஏனெனில் ஏழைச் சிறுமியருக்குப் பள்ளி நடத்துவதும் அவர்களின் பணிகளுள் ஒன்றாயிற்று. பாரிஸ் நகரின் தொடக்கப்பள்ளிகள் நோத்ர்-தாம் பேராலயத்தின் தலைமைப் பாடகர் என்னும் பதவியினரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தமையால், லூயிஸ் 1641-இல் அவருக்கு விண்ணப்பித்துச் சேன்-தெனி புறநகரில் பள்ளி நடத்த அனுமதி பெற்றார். செபவேளையில் நோயாளி அழைத்தால் செபத்தை விட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்றும், அப்படிச் செல்வது கடவுளை விட்டுக் கடவுளிடமே செல்வதாகும் என்றும் வின்சென்ட் அவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போதித்தார்.

இவர்கள் துறவியரா என்ற வினாவுக்கு வின்சென்ட் தந்த விடை தெளிவானது: அல்லர். எந்த ஆயராவது அப்படிக் கேட்டால், நாங்கள் மடத்துக் கன்னியர் அல்லோம், ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் பெண்கள் என்றே சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினார். இவர்களுக்கு மடம் நோயாளிகளின் வீடு, அறை வாடகைக்கு எடுத்த குச்சு, கோவில் பங்குக் கோவில், மதில் கீழ்ப்படிதல் என்ற பொருளில் விதிமுறையிலேயே எழுதிவைத்தார். இவ்வரிகளைப் பிற்கால நூல்கள் ஆன்மிகக் கவிதையாகவே மேற்கோள் காட்டிவந்தாலும், ஒவ்வொரு சொல்லும் திருச்சபைச் சட்டத்தின் ஓர் இலக்கணத்தை மறுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தனிக் கோவில் இல்லை, தனி மடம் இல்லை, முக்காடு இல்லை, கம்பியழி இல்லை; ஆகவே அடைப்புச் சட்டம் பற்றிக்கொள்ள இடமே இல்லை. வார்த்தைப்பாட்டிலும் இதே எச்சரிக்கை காணப்படுகிறது. 1642 மார்ச் 25 அன்று லூயிசும் நால்வரும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல், ஏழைகளுக்குத் தொண்டு என்னும் வார்த்தைப்பாடுகளை முதன்முதலாக அளித்தனர்; அவை தனிப்பட்டவை, திருச்சபையின் பெயரால் பகிரங்கமாகப் பெறப்படாதவை. ஆண்டுக்கு ஒருமுறை மங்களவார்த்தைத் திருநாளில் புதுப்பிக்கும் வழக்கமும் காலப்போக்கில் நிலைபெற்று இன்றுவரை நீடிக்கிறது. ஓராண்டு முடிந்ததும் ஒரு சகோதரி சட்டப்படி கட்டற்றவள் ஆகிறாள்; அவள் மறுநாளும் பானையைத் தூக்கினால் அது மீண்டும் அவளே தேர்ந்துகொண்டது.

மருத்துவமனைகளை ஏற்கும்போது இம்முன்யோசனை ஒப்பந்த வடிவம் பெற்றது. 1640 பிப்ரவரியில் ஆஞ்சே நகரின் புனித யோவான் மருத்துவமனை நிருவாகிகளோடு லூயிஸ் கையெழுத்திட்ட உடன்படிக்கை பிற்பாடு பல ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. நோயாளிகளின் பராமரிப்பில் சகோதரியர் நிருவாகிகளுக்குக் கட்டுப்படுவர். ஆனால் அவர்களை அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் பாரிசிலுள்ள தலைமையின் உரிமை. நகராட்சிக்குக் கைகள் கிடைத்தன, சபைக்குத் தன் பெண்கள்மீதான உரிமை நிலைத்தது. ஆயர்களோடு இதே உரிமையைக் காப்பது இன்னும் கடினமாயிற்று. 1646-இல் பாரிஸ் பேராயரகம் அளித்த அங்கீகாரம் சபையைப் பேராயருக்குக் கீழ் வைத்தபோது, லூயிஸ் மனம் ஒப்பவில்லை. ஆயருக்கு ஆயர் மாறும் ஆட்சியில் ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் சகோதரியரைத் தனியே பிரித்து, இறுதியில் மினவுதல் சபையைப் போல மதிலுக்குள் தள்ளிவிடும் என்று அவர் அஞ்சினார் என்பதை அவருடைய வற்புறுத்தல் காட்டுகிறது. வின்சென்ட் தயங்கிய இடத்தில் லூயிஸ் விடாப்பிடியாக நின்றார். அந்த அங்கீகாரப் பத்திரம் பின்னர் எங்கோ காணாமற்போனது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. புதிதாக விண்ணப்பிக்க வாய்ப்புக் கிடைத்தது. 1655 ஜனவரியில் அப்போதைய பேராயர் கர்தினால் ரெட்ஸ், அரசியல் காரணங்களால் நாட்டைவிட்டு வெளியேறி உரோமையில் தங்கியிருந்த நிலையில் வழங்கிய புதிய அங்கீகாரம், சபையை வின்சென்ட்டின் பொறுப்பிலும் அவருக்குப் பின் அவர் நிறுவிய குருக்கள் சபைத் தலைவரின் பொறுப்பிலும் வைத்தது. லூயிஸ் விரும்பியது அதுவே.

பணம் வேறிடத்திலிருந்து வந்தது. கூசோ அம்மையார் என்னும் செல்வக் கைம்பெண்ணின் முயற்சியால் 1634-இல் ஒத்தெல்-தியூ மருத்துவமனைக்கென அமைந்த சீமாட்டிகள் குழுவில் ரிஷலியூவின் உடன்பிறந்தாள் மகளான எகியோன் சீமாட்டி போன்றோர் இருந்தனர். நோத்ர்-தாம் அருகிலிருந்த அப்பெரிய மருத்துவமனையில் ஒரே கட்டிலில் பல நோயாளிகள் கிடந்தார்கள். அவர்களுக்குப் பிற்பகலில் பழமும் பிஸ்கோத்தும் கொண்டுவந்து கொடுப்பதைச் சீமாட்டிகள் தம் பணியாகக் கொண்டனர். அவற்றை வாங்கி, ஆக்கி, சுமந்து வந்தவர்கள் அருகே வாடகை அறையில் குடியிருந்த சகோதரியர். இந்த ஏற்பாட்டின் பிளவு எங்கே இருந்தது என்பதை எகியோன் சீமாட்டியின் ஒரு விருப்பம் வெளிப்படுத்தியது. 1636 அளவில் அவர் தம் மாளிகையில் வைத்துக்கொள்ள ஒரு சகோதரியைக் கேட்டார். முதலில் கேட்கப்பட்ட மரி தெனிஸ், தாய்தந்தையரை விட்டு வந்தது ஏழைகளுக்குத் தொண்டு செய்யவே, பெரிய சீமாட்டி ஒருவருக்கு ஊழியம் செய்ய அல்ல என்று மறுத்தார். அடுத்து அனுப்பப்பட்ட பார்ப் ஆஞ்சிபூ, வண்டிகளும் பணியாளரும் நிறைந்த முற்றத்தைக் கண்டு அழுது, அங்கே மனம் ஒட்டாமல் வாட, சீமாட்டியே இரங்கித் திருப்பி அனுப்பினார். 1652-இல் போலந்து சென்ற மூவருள் ஒருவரை அரசி மரி-லூயிஸ் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பியபோதும், தம்மை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அச்சகோதரி அழுதார். இரு நிகழ்ச்சிகளையும் வின்சென்ட் தம் உரைகளிலும் கடிதங்களிலும் பெருமையோடு குறிப்பிடுவார். அவர் பெருமைப்பட்டது தாழ்ச்சிக்காக. ஆனால் அரசகுலத்தாரின் ஆணையை உழவன் மகள் மறுப்பது அக்காலத்தில் தாழ்ச்சியின் வழக்கமான வடிவம் அன்று.

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றிய பொறுப்பே இச்சபையை எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சோதித்தது. பாரிசில் ஆண்டுதோறும் முந்நூறு முதல் நானூறு வரையிலான குழந்தைகள் கோவில் வாயில்களிலும் தெருமுனைகளிலும் விடப்பட்டன. நோத்ர்-தாம் பேராலயக் குருக்குழாம் அவற்றுக்குப் பொறுப்பேற்று, கூஷ் எனப்பட்ட ஒரு வீட்டில் ஒரு கைம்பெண்ணிடமும் இரண்டொரு வேலைக்காரிகளிடமும் ஒப்படைத்திருந்தது. போதிய பாலூட்டும் தாயர் இல்லை. அழும் குழந்தைகளை உறங்கவைக்க அபினி கலந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. சில குழந்தைகள் எட்டு சூ காசுக்கு, அதாவது அரை லிவ்ருக்கும் குறைவான விலைக்கு, பிச்சைக்காரரிடம் விற்கப்பட்டன என்றும், இரக்கம் பெறுவதற்காக அவற்றின் கைகால்களை அவர்கள் முறித்தனர் என்றும் வின்சென்ட் சீமாட்டிகளிடம் கூறினார். ஐம்பது ஆண்டுகளில் அவ்வீட்டிலிருந்து பிழைத்து வளர்ந்தவர் எவரென்று சொல்வதற்கில்லை என்பதே அவர் கேட்டறிந்த நிலை.

சீமாட்டிகள் தயங்கியதற்குப் பணம் ஒரு காரணம், மற்றொன்று கூச்சம். இக்குழந்தைகள் பாவத்தின் கனிகள் என்றும், அவர்களை வளர்ப்பது ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோவதாகும் என்றும் பலர் கருதினர். அக்கூட்டங்களில் அமர்ந்திருந்த லூயிஸ் தம் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாமலேயே கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து வேலையைத் தொடங்கினார். 1638-இல் சீட்டுப் போட்டுப் பன்னிரண்டு குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சகோதரியரின் பராமரிப்பில் ஒரு வீட்டில் வைக்கப்பட்டனர். சீட்டில் பெயர் வராத குழந்தைகள் கூஷிலேயே இருந்தன. அந்தத் தேர்வின் கொடுமையை எவராலும் நெடுநாள் தாங்க இயலவில்லை போலும். இரண்டாண்டுகளுக்குள், 1640-இன் தொடக்கத்தில், எல்லாக் குழந்தைகளையும் படிப்படியாக ஏற்பதெனச் சீமாட்டிகள் முடிவெடுத்தனர். அரசர் பதின்மூன்றாம் லூயியும் அவருக்குப் பின் அரசமாதா ஆனும் மானியம் வழங்கினர். அது செலவில் ஒரு பகுதிக்கே போதுமானதாக இருந்தது.

குழந்தைகளில் பலர் ஊர்ப்புறத்துப் பாலூட்டும் தாயரிடம் மாதக்கூலிக்கு விடப்பட்டனர். தாய்ப்பால் கிடைக்காதவர்களுக்குப் பசுவின் பாலும் ஆட்டுப்பாலும் முயன்று பார்க்கப்பட்டன. எந்தக் குழந்தை எந்தப் பெண்ணிடம், எந்நாளில், எவ்வளவு கூலிக்கு விடப்பட்டது என்று பதிவேடு வைக்கப்பட்டது. சகோதரியர் ஊர் ஊராகச் சென்று குழந்தை உயிரோடு இருக்கிறதா, துணி மாற்றப்படுகிறதா என்று பார்த்தனர். பால் மறந்த குழந்தைகள் திரும்பி வந்து எழுத்தும் செபமும் கற்றனர். சிறுமியர் தையலுக்கும் சிறுவர் கைத்தொழிலுக்கும் பழக்கப்பட்டனர். 1645 அளவில், வின்சென்ட் குடியிருந்த சேன்-லாசர் இல்லத்துக்கு அருகே இவர்களுக்காகப் பதின்மூன்று சிறு வீடுகள் கட்டப்பட்டன.

1647-இல் அரசமாதா பாரிசுக்குத் தெற்கேயுள்ள பிசேத்ர் என்னும் கோட்டையை இக்குழந்தைகளுக்கு அளித்தார். போரில் ஊனமுற்ற வீரர்களுக்காகக் கட்டத் தொடங்கி முடிக்கப்படாமல் விடப்பட்ட அக்கட்டடத்தை லூயிஸ் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். நகருக்குத் தொலைவு, கடுங்காற்று, கதவும் சன்னலும் சரியில்லாத பெரும்பெரும் அறைகள் என்று அவர் சொன்னவை எல்லாம் கண்ணால் கண்டு சொன்ன குறைகள். ஆனால் இலவசமாகக் கிடைத்த கோட்டையின் பரப்பைப் பார்த்த சீமாட்டிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன. அதே காலத்தில் நன்கொடையும் வற்றியது. கூட்டத்தில் பணியைக் கைவிடும் பேச்சு எழுந்தபோது, இனி நீங்கள் இவர்களின் தாயராக இருக்க வேண்டாம், நீதிபதிகளாக இருந்து வாழ்வா சாவா என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்ற கருத்தில் வின்சென்ட் பேசியது பிரெஞ்சு சமயச் சொற்பொழிவின் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்றாயிற்று. தீர்ப்பு வாழ்வுக்கே சாதகமாயிற்று. ஆயினும் அவ்வுரைக்குப் பின்னும் பாலூட்டும் தாயருக்குக் கூலி பாக்கி நின்றதையும், லூயிஸ் கடிதம்மேல் கடிதம் எழுதிப் பணம் கேட்டதையும் அவ்வளவாக எவரும் நினைவுகூர்வதில்லை. 1649-இல் உள்நாட்டுப் போர்ப் படைகள் சுற்றுப்புறத்தில் முகாமிட்டதும் ரொட்டி அனுப்புவதே பெரும்பாடாயிற்று. 1651-இல் பிசேத்ர் கைவிடப்பட்டு, எஞ்சிய குழந்தைகள் நகருக்கே கொண்டுவரப்பட்டனர்.

பார்ப் ஆஞ்சிபூவின் பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்றவர்கள், மர்சேய் துறைமுகத்துக்குச் சங்கிலியில் கோத்து நடத்திச் செல்லப்படும்வரை, பாரிசில் துர்னெல் கோபுரத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்தனர். 1640 முதல் சகோதரியர் அவர்களுக்குச் சமைத்தும், வாரந்தோறும் சட்டைகளைத் துவைத்தும், நோயாளிகளைக் கவனித்தும் வந்தனர். கைதிகள் ஆத்திரத்தில் சூப்பையும் இறைச்சியையும் தரையில் வீசி வசைபாடும்போது, பார்ப் பேசாமல் குனிந்து அவற்றைப் பொறுக்கியெடுத்து முகம் கோணாமல் நின்றார் என்றும், அதற்காகக் காவலர் கைதிகளை அடிக்கப் பாய்ந்தபோது பலமுறை தடுத்தார் என்றும் அவர் இறந்தபின் சகோதரியர் கூடி நினைவுகூர்ந்த உரையாடலில் பதிவாகியுள்ளது. எகியோன் சீமாட்டியின் மாளிகை முற்றத்தில் அழுத அதே பெண் இவர்.

பிரோந்து எனப்படும் உள்நாட்டுப் போர் 1648 முதல் 1653 வரை பாரிசையும் சுற்றுப்புறத்தையும் சூறையாடியது. 1652 கோடையில் வின்சென்ட் எழுதிய கடிதம் அப்போதைய பணியின் அளவைத் தருகிறது: வாய்விட்டுக் கேட்க நாணும் ஏழைகள் 1,300 பேருக்கு லூயிசின் இல்லத்தில் நாள்தோறும் சூப்பு, புறநகரில் அடைக்கலம் புகுந்த 800 பேருக்குத் தனியே, புனித பவுல் பங்கில் மட்டும் நான்கைந்து சகோதரியர் 5,000 பேருக்குப் பகிர்ந்தளித்து, அதற்கு மேல் அறுபது எண்பது நோயாளிகளையும் கவனித்தனர். காயமுற்ற படைவீரரைப் பேணவும் அவர்கள் அனுப்பப்பட்டனர்; 1658-இல் கலே நகருக்குச் சென்ற நால்வருள் இருவர் அங்கேயே நோயுற்று இறக்க, அவர்களின் இடத்துக்குச் செல்லப் பலர் முன்வந்தனர்.

அதற்குள் ஏழ்மையைப் பற்றிய அரசின் எண்ணம் மாறத் தொடங்கியிருந்தது. பெயர் வெளியிட விரும்பாத பாரிஸ் வணிகர் ஒருவர் வின்சென்ட்டிடம் ஒப்படைத்த 100,000 லிவ்ரைக் கொண்டு 1653-இல் இயேசுவின் பெயரால் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. உழைத்து ஓய்ந்த முதியோர் நாற்பது பேர், ஆணும் பெண்ணும் சரிபாதி, தனித்தனிப் பகுதியில் தங்கி, தறியும் கருவியும் கொடுக்கப்பட்டு, இயன்ற அளவு தொழில் செய்தனர். சகோதரியர் அவர்களைப் பேணினர். இதன் ஒழுங்கைக் கண்டு வியந்த சீமாட்டிகள், நகரின் பிச்சைக்காரர் அனைவருக்கும் இப்படியோர் இல்லம் அமைக்கலாமே என்று ஆர்வம் கொண்டு நிதி திரட்டினர். வின்சென்ட் விரைவு வேண்டாம் என்றார். சிறிய எண்ணிக்கையில் தொடங்கி, விரும்பி வருபவரை மட்டும் ஏற்கலாம் என்றார். அரசு காத்திருக்கவில்லை. 1656 ஏப்ரலில் வெளியான அரசாணை பாரிசில் பிச்சையெடுப்பதைத் தடைசெய்து, ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் பொது இல்லம் ஒன்றை நிறுவியது. சல்பெத்ரியேர் என்னும் கட்டடத்தோடு பழைய பிசேத்ர் கோட்டையும் அதன் பகுதியாயிற்று; அடுத்த ஆண்டு வசந்தத்தில் காவலர் தெருக்களில் பிச்சைக்காரரைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினர். அங்கு ஆன்மகுருக்களாகப் பணிபுரிய வந்த அழைப்பை வின்சென்ட்டின் குருக்கள் சபை ஏற்கவில்லை. சகோதரியரை மதிலிலிருந்து காப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெற்றிகண்டவர், ஏழைகளைச் சுற்றி எழும்பிய மதிலைத் தடுக்க இயலாதவராக இருந்தார். அவருடைய நண்பர்களான சீமாட்டிகளின் பணத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

லூயிஸ் 1660 மார்ச் 15 அன்று இறந்தார். எண்பது வயதை நெருங்கிய வின்சென்ட் நோயுற்றிருந்தமையால் இறுதியாக அவரைக் காணச் செல்ல முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மார்கரித் ஷெத்திஃப் என்னும் சகோதரியை அடுத்த தலைவியாக நியமித்துவிட்டு, செப்டம்பர் 27 அன்று அவரும் மறைந்தார். 1668-இல் திருத்தந்தையின் தூதராக பிரான்சுக்கு வந்த கர்தினால் வாந்தோம் சபைக்கு உரோமையின் ஒப்புதலை வழங்கினார். அடைப்பு வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இரண்டாண்டுகள் கழித்து, 1670 ஜூனில், பதினான்காம் லூயியின் அரசாணை கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தை அரசு நிறுவனமாக்கி, அதை 1656-இன் பொது இல்லத்தோடு இணைத்தது. சகோதரியர் அதே குழந்தைகளோடு அங்கேயே தொடர்ந்தனர். கணக்கைச் சீமாட்டிகளிடம் காட்டிவந்தவர்கள் இனி அரச நிருவாகிகளிடம் காட்ட வேண்டியவராயினர்.